அளந்து ஊத்துங்க, எஞ்சின் நிலைக்கும்



நம்ம மலைகளில் புல் வெட்டும் மெஷின், மருந்தடிக்கும் மெஷின் பலவற்றில் டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான் இருக்கிறது. அதில் ஒயிலுக்கெனத் தனித் தாங்கி கிடையாது. பெற்றோலோடு கலந்து போகிற ஒயில்தான் பிஸ்டனையும் பெயரிங்கையும் தேயாமல் காக்கிறது. ஒயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி, சிலிண்டரோடு இறுகிவிடும். கூடினால் புகை கக்கும், பிளக்கில் கரி படியும்.

"ஒரு மூடி போதும்" என்று கண் மதிப்பில் ஊத்தாதீங்க. மெஷின் புத்தகத்தில் 25:1 என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் ஒயில். 50:1 என்றால் 20. டூ ஸ்ட்ரோக் ஒயில் மட்டும்தான். லொறியில் வடித்த பழைய ஒயில் வேண்டாம். வேறு கேனில் கலந்து, நல்லாக் குலுக்கி, எஞ்சின் ஆறிய பிறகு ஊத்துங்கள். போர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஒயில் தனியாக ஊத்த வேண்டும். பெற்றோலில் கலக்கக் கூடாது.

நடு மலையில் மெஷின் நின்றால், பழி அதைத் தோளில் போட்டவர் மேல்தான் விழும். அன்றைய பேரும் அரைப்பேராகலாம். அதனால் அளவுக் கோப்பையை ஸ்டோரில் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் வெட்கமில்லை.