காணொளியில் எதைக் காட்டாமல் விடுவது?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகத் தமிழில் விஞ்ஞானக் காணொளிகள் செய்து கொடுக்கவேண்டும் என்று எங்களிற் பலர் விரும்புகிறோம். நல்ல எண்ணம். காசு சேர்க்கமுன் ஒன்றைக் கேட்போம்: பார்த்து முடித்த பிள்ளைக்குப் பாடம் விளங்குமா?

கலிபோர்னியாப் பல்கலைக்கழக உளவியலாளர் றிச்சட் மேயர் பல ஆண்டுகளாக ஆராய்ந்தது இதைத்தான். கண்ணால் வருவதும் காதால் வருவதும் மனத்துக்குள் வெவ்வேறு வழிகளால் நுழைகின்றன. இரண்டுமே ஒடுங்கிய வழிகள் என்கிறார் அவர். மின்னல் உண்டாகும் விதம் பற்றிய பாடமொன்றில் சுவையான, ஆனால் விளக்கத்துக்குத் தேவையற்ற செய்திகளையும் படங்களையும் சேர்த்துப் பார்த்தார்கள். அவை இல்லாத பாடத்தைப் படித்தவர்களுக்கே நன்றாக விளங்கியிருந்தது. அந்த ஆய்வு 1998இல் வெளிவந்தது.

இதயத்தை எடுத்துக்கொள்வோம். பிள்ளை அறியவேண்டியது குருதி போகும் வழி: வலது சோணையறை, வலது இதயவறை, நுரையீரல், இடது சோணையறை, இடது இதயவறை, பெருநாடி. இதற்குப் பின்னணி இசை வேண்டாம். எந்த அறையைப் பற்றிச் சொல்கிறோமோ, அந்த நேரத்திலேயே அம்புக்குறி அதைக் காட்டட்டும். பெயரைப் படத்தின் மேலேயே எழுதுவோம். ஓரத்தில் பட்டியல் போட்டால் கண் அங்கும் இங்கும் அலையும். பேசுவது முழுவதையும் திரையில் ஓடவிடாமல், ‘சோணையறை’ போன்ற புதுச் சொற்களை மட்டும் காட்டுவோம். காது கேளாத பிள்ளைகளுக்கு முழு வசனமும் தேவை; வேண்டியபோது போடக்கூடியதாக அதை வைப்போம். குருதி நுரையீரலை அடைந்ததும் நிறுத்தி, ‘இங்கே என்ன மாறுகிறது?’ என்று கேட்போம்.

இணையவழிப் பாடங்களை மாணவர்கள் பார்த்த 69 இலட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014இல் ஓர் அறிக்கை வந்தது. காணொளி எவ்வளவு நீண்டாலும், பெரும்பாலானோர் ஆறு நிமிடத்துக்குமேல் நிற்கவில்லை. வெறும் ஸ்லைட்டுகளைவிட, பேசிக்கொண்டே கையால் வரைந்து காட்டிய பாடங்களில் அவர்கள் கூடுதலாக ஈடுபட்டார்கள். எங்கள் உயிரியல் ரீச்சர் சிவப்பு, நீல வெண்கட்டிகளோடு கரும்பலகையில் செய்தது அதுதானே!

ஆகவே என் வேண்டுகோள் இது. சேரும் பணத்தை வெளியே ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்காமல், நல்ல ஒலிவாங்கியும் கமராவும் வாங்கி இன்றைய ஆசிரியர்களிடம் கொடுப்போம். அவர்கள் வரைந்து, பிள்ளைகளுக்குப் பழகிய தமிழிற் பேசட்டும். வைத்தியர்களும் பொறியியலாளருமாக உலகெங்கும் இருக்கும் நாங்கள் தகவல்களைச் சரிபார்த்து உதவலாம்.

முதலில் இதயம் பற்றி ஐந்து நிமிடக் காணொளி ஒன்றைச் செய்வோம். பத்துப் பிள்ளைகளுக்குக் காட்டி, ‘வால்வு சரியாக மூடாவிட்டால் குருதி எங்கே போகும்?’ என்று கேட்போம். மனப்பாடம் செய்த பிள்ளை திகைக்கும். விளங்கிய பிள்ளை யோசித்துச் சொல்லும். பத்துப் பேரும் திகைத்தால் திரும்பச் செய்வோம்; அதன்பிறகே இரண்டாவது.