புகையில்லா அவையும் இல்லறத்தார் கடமையும்

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருகன் திருவடி வாழ்க!

 

‘அன்றாட வாழ்வில் அறம்’ என்னும் பொதுத் தலைப்பில் விரும்பிய ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று பொறுப்பாளர்கள் பணித்தனர். பொது இடங்களில் புகைபிடித்தலைத் தடுக்கும் சட்டம் நம் மக்களின் பழக்கங்களில் எதனை மாற்றியது, எதனை மாற்றாமல் விட்டது என்பதையே நான் எடுத்துக்கொண்டேன். “கள்ளும் ஊனும் தேனும் நீக்கிய இல்லறத்தார்க்குப் புகையைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?” என்று சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே என் கருத்து. நம் குடும்பங்களிலும் புகைபிடிப்போர் இல்லாமல் இல்லை. புகைபிடியாதவரும் பிறர் விடும் புகையின் நடுவே வாழாமல் இருக்க இயலவில்லை.

சட்டம் வந்த வழி

பேருந்துகளிலும் திரையரங்குகளிலும் ‘புகை பிடிக்காதீர்’ என்னும் அறிவிப்பு நெடுங்காலமாகவே இருந்து வந்தது. அவ்வறிவிப்புக்குக் கீழேயே அமர்ந்து பீடியைப் பற்றவைத்தவர்களையும் நம்முள் மூத்தவர்கள் கண்டிருப்பார்கள். அறிவிப்பு இருந்தது, அதனைக் காக்கும் எண்ணம் எவர்க்கும் இல்லை.

1999ஆம் ஆண்டு சூலைத் திங்களில் கேரள உயர்நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடித்தல் பிறருடைய வாழ்வுரிமைக்கு ஊறு செய்வதாகும் என்று தீர்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 2ஆம் நாள், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றமும் அவ்வழியே நின்று, அரங்கங்கள், மருத்துவமனைகள், கல்வி நிலையங்கள், நூலகங்கள், நீதிமன்றங்கள், அரசு அலுவலகங்கள், தொடர்வண்டி முதலிய பொது ஊர்திகள் ஆகியவற்றில் புகைபிடித்தலைத் தடை செய்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையே அத்தீர்ப்பின் அடிப்படை. தமிழகமும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகப் பொது இடங்களில் புகைபிடித்தலையும் எச்சில் உமிழ்தலையும் தடுத்தது. 2003இல் நடுவண் அரசின் புகையிலைச் சட்டம் இயற்றப்பெற்றது. மருத்துவர் அன்புமணி இராமதாசு நடுவண் நலவாழ்வு அமைச்சராக இருந்தபோது, அதன் விரிவான விதிகள் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளன்று நடைமுறைக்கு வந்தன.

அவ்விதிகள் உணவகம், பணியிடம், திரையரங்கு, விருந்து மண்டபம் ஆகியவற்றையும் தடைக்குள் கொண்டுவந்தன. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை தண்டம். 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுக்குக் குறையாத அறிவிப்புப் பலகை வைத்தல் வேண்டும். இடத்துக்குப் பொறுப்பானவரே தடையைக் காத்தல் வேண்டும். இவற்றோடு மற்றொரு விதியும் உண்டு. பொது இடத்தில் சாம்பற் கிண்ணம், தீப்பெட்டி முதலிய, புகைபிடித்தற்குத் துணையாகும் பொருள் எதனையும் எவர்க்கும் அளித்தலாகாது என்பதே அது. இந்த விதியை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வருவேன்.

கேட்க வேண்டியவர் யார்?

இச்சட்டத்தால் விளைந்த நன்மை யாது எனக் கேட்டால், நுரையீரலைப் பற்றியே எல்லோரும் பேசுவர். அது உண்மையே. புகையிலைப் புகையில் 7,000க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 புற்றுநோய் விளைப்பவை. தாம் ஒருநாளும் புகைபிடியாதிருந்தும் பிறர் விட்ட புகையால் ஆண்டுதோறும் உலகில் உயிரிழப்போர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆயினும் நான் இங்கே சொல்ல விரும்புவது வேறொன்று.

சட்டத்துக்கு முன்னர், ஒரு பேருந்திலோ உணவகத்திலோ புகையால் துன்புறுபவர் என்ன செய்ய வேண்டியிருந்தது? “ஐயா, குழந்தை இருமுகிறது, சற்று அணைத்துவிடுங்கள்” என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் சிலர் அணைப்பர். சிலர் முகம் சுளிப்பர். “அவ்வளவு தொல்லையானால் வாடகை வண்டியில் போவதுதானே?” என்பாரும் உண்டு. கைக்குழந்தையோடு தனியே செல்லும் பெண், முதியவர், இழுப்பு நோய் உள்ளவர் ஆகிய எளியோரே கேட்க வேண்டியவராக இருந்தனர். பெரும்பாலோர் கேட்கவே இல்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டனர்.

இந்த நிலை நம் சமூகத்தார்க்குப் புதியதன்று. பிறர் வீட்டுத் திருமணத்துக்குச் சென்று, பொழுது சாயுமுன் உணவு கேட்கும்போது நமக்குள் எழும் கூச்சத்தை நாம் அறிவோம். “இதில் கிழங்கு சேர்த்திருக்கிறதா?” என்று பந்தியில் வினவும்போது அருகிலிருப்பவர் பார்க்கும் பார்வையையும் நாம் அறிவோம். பலர் ஒன்றைச் செய்யும் இடத்தில், அதனைச் செய்யாத ஒருவர் தமக்காகக் கேட்க நேர்வது எவ்வளவு சுமை என்பதை நம் தாய்மார்களைவிட நன்குணர்ந்தவர் இலர்.

சட்டம் இச்சுமையை இடம் மாற்றியது. புகைபிடியாதவர் இன்று கேட்க வேண்டியதில்லை. புகைபிடிப்பவரே எழுந்து வெளியே செல்ல வேண்டும். தூய காற்று, கேட்டுப் பெறும் சலுகையாக இருந்த நிலை மாறி, கேளாமலே கிடைக்கும் உரிமை ஆயிற்று. உணவகத்தில் குடும்பத்தோடு அமர்ந்து அச்சமின்றி உண்ணுகிறோம். திரையரங்கின் ஒளிக்கற்றையில் புகை சுழலாமல் படம் பார்க்கிறோம். அலுவலகத்தில் மேலாளரின் மேசைக்கு எதிரே கண்ணெரிச்சல் இல்லாமல் நிற்கிறோம். இவை அமைதியாக நிகழ்ந்துவிட்டமையால், இவற்றின் அருமை நமக்குத் தோன்றுவதில்லை.

கூடிப் பேசும் பழக்கம் கெட்டதா?

இத்தகைய தடை, மனிதர் கூடிப் பேசும் பழக்கத்தையே கெடுத்துவிடும் என்று அஞ்சியோரும் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 29ஆம் நாள் அயர்லாந்து நாடு, உலக நாடுகளுள் முதலாவதாக, மதுக்கூடங்கள் உள்ளிட்ட எல்லா உள்ளரங்கப் பணியிடங்களிலும் புகையைத் தடுத்தது. நமக்கு ஊர்ச்சாவடி எத்தகையதோ, அந்நாட்டு மக்களுக்கு மதுக்கூடம் அத்தகையது. பேச்சும் பாட்டும் அங்கேயே நிகழும். அவை அழிந்தொழியும் என்றனர், அழியவில்லை. புகைபிடிப்போர் வாயிலில் கூடினர். அங்கே புதிய பழக்கங்கள் உண்டாயின. உள்ளே பரிமாறும் பணியாளர் பிறர் புகையைச் சுவாசிக்காமல் வேலை செய்தனர்.

நம் நாட்டிலும் தேநீர்க் கடைப் பேச்சு நின்றுவிடவில்லை. ஆனால் புகை முற்றிலும் மறைந்துவிடவும் இல்லை. உள்ளிருந்த புகை வாசலுக்கு வந்தது. கடையின் முன்பகுதியிலும் பேருந்து நிறுத்தத்திலும் அது தங்கிவிட்டது. பேருந்து நிறுத்தமும் தடைக்கு உட்பட்டதே என்பதைப் பலர் அறியார். மாலையில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அப்புகையினூடே நடந்தே வீடு சேர்கின்றனர். சட்டம் செய்ய வேண்டிய பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.

மரியாதை என்னும் பழைய சட்டம்

“பழகியவர் நினைத்தவுடன் விட இயலுமா?” என்று கேட்பர். பழக்கத்தையே விடுவது கடினந்தான். ஆனால் ஓரிடத்தில் அடக்கிக்கொள்வது இயலாததன்று. அதற்கு நம் ஊர்களே சான்று. தெருமுனையில் சிகரெட்டு பிடித்துக்கொண்டிருக்கும் இளைஞன், தன் பெரியப்பா வருவதைக் கண்டால் என்ன செய்கிறான்? கையைப் பின்னால் மறைக்கிறான். காலடியில் போட்டு மிதிக்கிறான். எந்தக் காவலரும் அவனை அதட்டவில்லை. எந்தத் தண்டமும் இல்லை. தந்தை முன்பும் ஆசிரியர் முன்பும் புகைபிடித்தலாகாது என்னும் மரியாதை ஒன்றே அவனைத் தடுத்தது.

ஆனால் அந்த மரியாதை மேல்நோக்கி மட்டுமே சென்றது. பெரியப்பாவுக்காக அணைத்தவன் மனைவிக்காக அணைக்கவில்லை. ஆசிரியருக்காக மறைத்தவன், மடியில் அமர்ந்த குழந்தைக்காக மறைக்கவில்லை. பெரியவர்க்கு மட்டும் உரியதாக இருந்த அந்த மரியாதையை முன்பின் அறியாதவர்க்கும் எளியவர்க்கும் குழந்தைக்கும் உரியதாக்கியதே இச்சட்டத்தின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன்.

சமந்தபத்திரர் வகுத்த நெறி

இக்கருத்து நமக்குப் புதியதன்று. இல்லறத்தார் ஒழுக்கத்தை வகுத்த சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதனை அடியொற்றித் தமிழில் அமைந்த அருங்கலச்செப்பிலும் அனர்த்ததண்ட விரதம் கூறப்படுகிறது. பயனின்றி உயிர்க்குத் துன்பம் செய்யாமையே அவ்விரதம். காரணமின்றி நிலத்தை அகழ்தல், நீரை வாரியிறைத்தல், தீயை மூட்டுதல், காற்றை அலைத்தல், மரஞ்செடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அது விலக்குகிறது. உணவு சமைக்கத் தீ வேண்டும். குளிர் காயவும் தீ வேண்டும். புகைபிடிக்க மூட்டும் தீ எந்தப் பயனுக்கு? பயனில்லாத தீ, பிறர் மூச்சாகும் காற்றையும் கெடுக்கிறது. ஆசாரியர் சிகரெட்டைக் கண்டவரல்லர். ஆனால் அவர் வகுத்த நெறிக்குள் அதுவும் அடங்கிவிடுகிறது.

அவ்விரதத்தில் விலக்கப்படுபவற்றுள் ‘ஹிம்சாதானம்’ என்பதும் ஒன்று. வாள், கோடரி, நெருப்பு முதலிய, ஊறு விளைக்கும் பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்தல் என்பது அதன் பொருள். 2008ஆம் ஆண்டு விதியில் சாம்பற் கிண்ணமும் தீப்பெட்டியும் அளித்தலாகாது என்று கண்டோமே, அதனை இங்கே இணைத்துப் பாருங்கள். ஒருவர் தாம் புகைபிடியாமல் இருப்பது ஒரு படி. பிறர் புகைபிடித்தற்குத் தாம் துணையாகாமல் இருப்பது அடுத்த படி. பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றின் நுனியில் கனன்றுகொண்டிருக்கும் நெருப்பும், விருந்தினர்க்காகத் தாம்பூலத் தட்டில் வைக்கப்படும் சிகரெட்டுப் பெட்டியும், ‘நட்புக்காக’ நீட்டப்படும் தீக்குச்சியும் இந்த இரண்டாம் படியில் தடுக்கப்பட வேண்டியவை.

சட்டம் நுழையாத இடம்

இனி, நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். இச்சட்டம் வீட்டுக்குள் வருவதில்லை, வரவும் இயலாது. பேருந்தில் கேட்க வேண்டாத பெண், தன் வீட்டில் இன்றும் கேட்க வேண்டியவளாகவே இருக்கிறாள். மாமனாரிடம் மருமகள் எவ்வாறு கேட்பாள்? தந்தையிடம் ஐந்து வயதுக் குழந்தை எவ்வாறு கேட்கும்? பொது இடத்தில் எளியோரை விட்டு நீங்கிய சுமை, வீட்டில் அவர்கள் மேலேயே இருக்கிறது.

நம் நாட்டில் வயது வந்தோரிடையே எடுக்கப்பெற்ற புகையிலைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பிறர் புகைக்கு ஆட்படுவோர் 2009-10இல் 52.3 விழுக்காட்டினர், 2016-17இல் 38.7 விழுக்காட்டினர். உள்ளரங்கப் பணியிடங்களிலோ இரு முறையும் ஏறத்தாழ 30 விழுக்காடு. புகைபிடிப்போர் தொகை குறைந்தது வீட்டுப் புகை குறைந்ததற்கு ஒரு காரணம். ஆயினும், சட்டம் காவல் நிற்கும் பணியிடத்தில் குறையாதது, சட்டம் நுழையாத வீட்டில் குறைந்திருப்பது சிந்திக்கத்தக்கது. தண்டத் தொகையினும் வலியது மனமாற்றம். எனினும் 10 பேரில் ஏறத்தாழ 4 பேர் தம் வீட்டிலேயே பிறர் புகையைச் சுவாசிக்கின்றனர் என்பது சிறிய செய்தியன்று.

எனவே இவ்வவையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் இல்லங்களில் எவரும் கேட்கும் நிலை வாராமல், வீட்டின் மூத்தவரே முதலில் முடிவு செய்தல் வேண்டும். பொழுது சாய்ந்தபின் உணவில்லை என்பதை நம் வீட்டுக்கு வரும் விருந்தினர் அறிந்து மதிக்கிறார்கள். அவர்களுள் எவரும் அதனால் மனம் வருந்திச் சென்றதில்லை. ‘இவ்வீட்டில் புகையில்லை’ என்பதும் அவ்வாறே இயல்பாகிவிடும்.

இரண்டாவது, பிள்ளைகளைப் பெட்டிக்கடைக்கு அனுப்பிச் சிகரெட்டு வாங்கிவரச் சொல்லும் வழக்கம் எங்கேனும் இருப்பின் இன்றோடு நிற்றல் வேண்டும். 18 வயது நிரம்பாதவர்க்குப் புகையிலைப் பொருள் விற்பது சட்டப்படி குற்றம். சட்டத்தினும் பெரிய காரணம், நாம் கொடுத்தனுப்பும் காசோடு அப்பழக்கத்துக்கான இசைவும் பிள்ளையின் கையில் சேர்ந்துவிடுகிறது என்பதே.

மூன்றாவது, நம் திருமணங்களிலும் நீத்தார் வீடுகளிலும், தேர்த்திருவிழாவில் அன்னதானப் பந்தல்களிலும் புகையில்லை என்பதை முன்னரே அறிவித்தல் வேண்டும். திறந்தவெளியாயிற்றே என்று பந்தலை விட்டுவிடுதல் கூடாது. அங்கும் குழந்தைகளே மிகுதியாக இருக்கின்றனர்.

வெளியே நிற்பவரும் நம்மவரே

நிறைவாக ஒன்று. புகைபிடிப்பவரை இழிவாக எண்ணாதீர்கள். அவர்களுட் பலர் இளமையில் அறியாது தொடங்கி, இன்று விட முயன்றும் விட இயலாமல் வருந்துபவர்கள். நிக்கோட்டின் என்னும் பொருள் மூளையைத் தன்வயப்படுத்துவது. மன உறுதி இல்லாதவர் என்று பழிப்பதனால் எவரும் அதிலிருந்து மீண்டதில்லை. கொல்லாமையை உயிராகக் கொண்ட நாம், கடுஞ்சொல்லால் ஒருவர் உள்ளத்தைப் புண்படுத்துவதும் இம்சையே என்பதை மறத்தலாகாது. சட்டம் அவரை வாசலுக்கு அனுப்பியது. அணைத்துவிட்டு அவர் மீண்டும் உள்ளே வரும்போது, அவர்க்கென ஓர் இருக்கையும் இனிய சொல்லும் காத்திருக்கட்டும். அவர் புகையை விட விரும்பினால், மருத்துவரிடம் உடன் செல்லும் உறவினர் ஒருவரேனும் நம் குடும்பந்தோறும் இருக்கட்டும்.

எவ்வுயிர்க்கும் மூச்சு இனிது. அதனைக் கேட்டுப் பெறும் நிலை, அவையிலும் இல்லத்திலும் எவர்க்கும் வாராதிருக்குமாறு செய்வது இல்லறத்தார் கடமை என்று கூறி அமைகிறேன்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!