வீட்டுத் தொலைக்காட்சியும் கம்ப்யூட்டரும்

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கு போட்டார்கள். அப்பா வேலைக்குப் போனால் கைப்பேசியும் போச்சு, பாடமும் போச்சு! "கம்ப்யூட்டர் பணக்காரர் வீட்டுப் பொருளாச்சே, நாம எங்கே வாங்குறது?" என்றார்கள். அதன் வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது.

1977இல் அமெரிக்காவில் வந்த ஆப்பிள் 2 கம்ப்யூட்டரின் விலை 1,298 டாலர். ஏழைக்கு எட்டாத விலைதான். ஆனால் 1981இல் இங்கிலாந்தில் கிளைவ் சின்கிளேர் என்பவர் இசட்.எக்ஸ்.81 என்ற சிறு பெட்டியை 69 பவுன் 95 பென்சுக்கு விற்றார். எப்படி முடிந்தது? அதற்கெனத் தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. எழுதியதைச் சேமிக்கப் பாட்டுக் கேட்கும் கேசட் போதும். அதன் நினைவகத்தில் அடங்கியது 1,024 எழுத்துகள்தாம். ஒரு கட்டுரைக்கே அது பத்தாது!

அந்தப் பெட்டி தானாக வேடிக்கை காட்டாது. பிள்ளைகள்தாம் கட்டளைகளை எழுதி அதை வேலை வாங்க வேண்டும். அப்படித் தட்டித் தட்டிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் மென்பொருள் வல்லுநர் ஆனார்கள்.

அந்நாளைய கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது. யாராவது வந்து கற்றுக் கொடுப்பார்கள் என்று நம்மவர் காத்திருக்கவில்லை. 1985இல் நம் மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை உருவாக்கினார். அவருடைய 'அஞ்சல்' விசைமுறை இன்று ஆப்பிள் கணினிகளிலேயே இருக்கிறது.

பெற்றோர்களே, 2020இல் வெளிவந்த ராஸ்பெரி பை 400 என்பது விசைப்பலகைக்குள்ளேயே அடங்கிய கணினி. அன்று விலை 70 அமெரிக்க டாலர். அதையும் வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டலாம். பழைய கணினி கிடைத்தாலும் போதும். தவணையில் விலையுயர்ந்த கைப்பேசி வாங்குமுன் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். கைப்பேசி அப்பாவோடு வேலைக்குப் போகும். கணினி பிள்ளையோடு வீட்டில் இருக்கும்.

மாணவச் செல்வங்களே, அதில் விளையாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். முதலில் உங்கள் பெயரைத் தமிழில் தட்டிப் பாருங்கள். பரிசு பெற்றவர்களுக்கு வாழ்த்துகள். பெறாதவர்களுக்கு அடுத்த ஆண்டு காத்திருக்கிறது.