களைத்த உடம்பும் எடைக் குறைப்பும்
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததை மட்டும் பேசுகிறேன். நான்கு ஆண்டுகளாக நாள்பட்ட களைப்பு நோயோடு வகுப்பெடுத்து வருகிறேன். இதற்கிடையில் ஓராண்டில் 6 கிலோ எடையும் குறைத்திருக்கிறேன்.

எடை கூடியவரைப் பார்த்ததும், "காலையில ஒரு மணி நேரம் நடங்க டீச்சர்" என்போம். பெரும்பாலோருக்கு இது நல்ல யோசனை. இந்த நோய் உள்ளவர்களுக்கு அப்படியே பொருந்தாது. சக்திக்கு மீறி உழைத்தால் அன்றைக்குத் தெரியாது. ஓரிரு நாள் கழித்துப் படுக்கையில் தள்ளிவிடும். எவ்வளவு தூங்கினாலும் களைப்புத் தீராது. இது சோம்பல் அல்ல. உலகச் சுகாதார நிறுவனம் 1969-லேயே இதை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. உடற்பயிற்சியைக் குறித்த அளவில் கூட்டிக்கொண்டே போகும் சிகிச்சை இவர்களுக்கு வேண்டாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது.

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் நமக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முல்லைப் பெரியாறு அணையின் இருப்பைப் பார்த்துத்தான் தண்ணீர் திறக்கிறார்கள். இருப்பு குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். நானும் அப்படித்தான். காலையில் இரண்டு வகுப்பு எடுத்தால் அடுத்த பாடவேளையில் உட்கார்ந்து நோட்டுத் திருத்துவேன். நல்ல நாள் என்று எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை.

நடந்து குறைக்க முடியாத எடையைத் தட்டில்தான் குறைக்க வேண்டும். முதலில் மருத்துவர் சொன்னபடி தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை பரிசோதனைகள் செய்தேன். களைப்புக்கும் எடைக்கும் தைராய்டுக் குறைவே காரணமாக இருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. ஒரு டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை. நாளைக்கு நான்கு டீ. ஒரு தேக்கரண்டி 5 கிராம் என்றால் 40 கிராம், அதாவது 160 கலோரி. இந்தச் சர்க்கரையை நிறுத்த எந்தத் தெம்பும் தேவைப்படவில்லை. மதியச் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் கீரை, காய், சுண்டல், முட்டை வைத்தேன். பட்டினி கிடக்கவில்லை, கிடந்தால் களைப்புதான் கூடும், தசையும் கரையும். காய் நறுக்குவதும் வேலைதான் என்பதால், முதல் நாள் மாலையே வீட்டில் எல்லோருமாக நறுக்கி வைத்துவிடுகிறோம். மாதம் அரைக் கிலோ குறைந்தால் போதும் என்பதே என் கணக்கு. சில மாதங்கள் அதுவும் குறையவில்லை. ஆனாலும் உணவை மேலும் குறைக்கவில்லை.

எடை குறைந்ததால் களைப்பு நோய் தீர்ந்துவிடவில்லை. மூட்டு வலி குறைந்திருக்கிறது, படியேறுவது லேசாகியிருக்கிறது. அதுவே எனக்குப் பெரிய லாபம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் வகுப்புகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கலாம். டெங்குவோ சிக்குன்குனியாவோ வந்து தேறிய பிள்ளை விளையாட்டு வேளையில் ஓரமாக உட்கார்ந்தால், "குண்டா இருக்கே, ஓடு" என்று விரட்ட வேண்டாம். பக்கத்தில் போய், "நேத்து விளையாடினதுக்கு இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். பதில் ஒரே மாதிரி தொடர்ந்தால் பெற்றோரை அழைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லுங்கள்.