கோழி இறக்கையும் நம் அடுக்களையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மாதர் அரங்கில் ஆற்றிய உரை)

   

இந்த அரங்கில் பேசுமாறு நம் செயலாளர் என்னைக் கேட்டபோது, ‘குடும்பச் சிக்கனம்’, ‘குழந்தை நலம்’ என்று இரண்டு தலைப்புகளை எழுதிக் கொடுத்தார். நான் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோழி இறக்கையைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சிரித்தார். இப்பொழுது நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்; ஆனால் அவர் கேட்ட சிக்கனமும் குழந்தை நலமும் இந்தப் பேச்சிலேயே இருக்கின்றன என்பதை மட்டும் முன்கூட்டிச் சொல்லி வைக்கிறேன்.

நம் வித்துராவிலிருந்து திருவனந்தபுரத்திற்குப் படிக்கச் செல்லும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு வந்தால், “பாட்டி, உனக்கு விங்ஸ் செய்யத் தெரியுமா?” என்று கேட்கிறார்கள். நகரத்துக் கடையில் ஆறு துண்டுக்குக் கொடுத்த விலையைச் சொல்கிறார்கள். அந்த விலைக்கு ஒரு முழுக் கோழியே வாங்கலாம்! விசாரித்துப் பார்த்தால், அந்தப் பண்டத்தின் வரலாறு அப்படியொன்றும் பெருமைக்குரியதாகத் தொடங்கவில்லை. அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ என்றொரு நகரம். அங்கே ஆங்கர் பார் என்னும் உணவகத்தை நடத்திய குடும்பத்துத் தாய் தெரசா பெலிசிமோ. 1964ஆம் ஆண்டில் ஓரிரவு, நேரங்கழித்து வந்த மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் பசியாற்ற, சூப்புக்கென்று ஒதுக்கப்படும் இறக்கைகளைப் பொரித்து, காரச் சாறும் வெண்ணெயும் புரட்டிக் கொடுத்தார் என்பது அந்த உணவகத்தார் சொல்லும் கதை. மிஞ்சியதைக் கொண்டு பிள்ளைகளின் பசியாற்றிய ஒரு தாயின் கைவேலைதான் அது. அதனால்தான் அதை நம் வீட்டு அடுப்பிற்கு அழைத்து வருவதில் எனக்குத் தயக்கமில்லை.

நான் போணக்காட்டு லயத்தில் பிறந்தவள். என் அன்னையார் கொழுந்து கிள்ளியவர். அந்நாளில் கோழி என்பது கோயில் கொடைக்கும் தீபாவளிக்கும் மட்டுமே. ஒரு சேவல், உண்பவர் ஒன்பது பேர். கால் இரண்டும் தாத்தாவுக்கும் தகப்பனாருக்கும், ஈரல் கைக்குழந்தைக்கு, நெஞ்சுக்கறி சிறு துண்டுகளாகக் குழம்பில் கரைந்து எல்லாருக்கும். இறக்கை இரண்டே இரண்டுதான். அவற்றுள் ஒன்று, அந்த ஆண்டு யார் நோயுற்றுப் பிழைத்தெழுந்தாரோ அவருக்கு என்பது எங்கள் வீட்டு வழக்கம். மற்றொன்றிற்குச் சண்டை நடக்கும்! ஆகவே இறக்கை எங்களுக்குத் தெரியாத பண்டமன்று. தட்டு நிறைய இறக்கை என்பதுதான் கனவிலும் வராத காட்சி. கணக்குப் பாருங்கள்: பன்னிரண்டு இறக்கை ஒரு தட்டில் இருந்தால் ஆறு கோழி அறுபட்டிருக்க வேண்டும்.

அந்த ஆறு கோழி இன்று எங்கிருந்து வருகின்றன? கேரளத்தார் உண்ணும் கறிக்கோழியில் ஒரு பங்கு பல்லடம், உடுமலை, கோவை வட்டாரங்களில் வளர்ந்து மலை தாண்டி வருவது. நம் முன்னோரும் அப்படித்தான் வந்தார்கள். கோழிக்கு மட்டும் லயம் கொடுக்கவில்லை! நாற்பது நாளில் இரண்டு கிலோ நிறை எய்தும் இனம் அது. ஊசி போட்டு ஊத வைக்கிறார்கள் என்று நம் காலனியில் உறுதியாகப் பேசுகிறவர்கள் உண்டு. அது உண்மையன்று. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த இனமும், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த தீவனமுமே அந்த வளர்ச்சிக்குக் காரணம். கவலைப்பட வேண்டியது நோய் மருந்துகளைப் பற்றியே. கொலிஸ்டின் என்னும் மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கலாகாது என்று இந்திய அரசு 2019இல் தடை செய்தது காரணமின்றியன்று. அதே ஆண்டில் குடும்பஸ்ரீப் பெண்கள் ‘கேரள சிக்கன்’ என்ற பெயரில் தாமே கோழி வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். நம் காலனிப் பெண்களும் அதைப் பற்றி ஒருமுறை கூடி யோசிக்கலாம். ஆனால் அது வேறொரு நாள் பேச்சு.

இனி, என் பிழையைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் பேரனின் பிறந்த நாள். காலனிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். கோழி சமைக்க என்னை மிஞ்சி யார் என்ற செருக்கோடு இரண்டு கிலோ இறக்கை வாங்கினேன். மசாலை தடவினேன். பிள்ளைகள் பசியென்று கூவவே, சட்டி நிறைய ஒரே ஈடாகப் போட்டேன். எண்ணெய் ஆறிவிட்டது. தீயைக் கூட்டினேன். வெளியே கருகிச் சிவந்தது; மணமும் பரவியது. எடுத்துப் பரிமாறிவிட்டேன். பேரன் ஒரு துண்டைப் பிட்டபோதுதான் பார்த்தேன்: இரண்டு எலும்புக்கும் நடுவே சதை வேகாமல் பளபளவென்று இருந்தது. தட்டுகளைப் பறித்தேன். ஆனால் அடுத்த வீட்டுச் சிறுவன் அதற்குள் நான்கு துண்டு தின்றுவிட்டான். மறுநாள் இரவு அவனுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். மூன்று நாள் அந்தப் பிள்ளை துவண்டு கிடந்தான். என் கறிதான் காரணம் என்று அவன் தாய் ஒரு சொல் சொல்லவில்லை. நானே சென்று, “தங்கச்சி, என் அவசரம்தான் காரணம்” என்று சொன்னேன். அவள், “அக்கா, பிள்ளை தேறட்டும், பிறகு பேசலாம்” என்றாள். தேறிவிட்டான். ஆனால் அதன்பின் ஓராண்டு நான் இறக்கையைத் தொடவில்லை.

தாய்மார்களே! பச்சைக் கோழிக்கறியில் சால்மொனெல்லா, காம்பைலோபாக்டர் என்னும் நுண்ணுயிர்கள் இருப்பது சாதாரணம். கறியின் நடுப்பகுதி 74 பாகைச் சூட்டை எட்டினால் அவை அழிந்துவிடும். அதை அளக்கச் சிறு வெப்பமானி கடையில் கிடைக்கிறது. நிறத்தை மட்டும் நம்பலாகாது. இளங்கோழியின் எலும்பு நன்கு வெந்த பின்னும் சில வேளை சிவந்தோ கருத்தோ தோன்றும். வேகாத சதை சில வேளை வெளுத்துக் காட்டும். இன்னொன்று, குழாயை வேகமாகத் திறந்துவிட்டுக் கோழியை அலசுகிறோமே, அந்தத் திவலைகள்தாம் பக்கத்தில் உள்ள தக்காளிக்கும் தட்டுக்கும் கிருமியைக் கொண்டு போகின்றன. கழுவவே வேண்டாம் என்கிறார்கள் அறிந்தவர்கள். கழுவாத கறியை உண்ண நம் மனம் ஒப்பாது, எனக்கும் ஒப்பாது. ஆழமான பாத்திரத்தில் நீரை ஊற்றி, அதற்குள்ளேயே மெல்லத் திருப்பி எடுத்து, நீரைத் தெறிக்காமல் கொட்டி, கையையும் தொட்டியையும் சோப்பிட்டுக் கழுவிவிடுங்கள். நான் கண்ட சமாதானம் இதுவே.

ஓராண்டிற்குப் பின் மீண்டும் எப்படித் தொடங்கினேன் என்றால், என் அன்னையார் செய்த முறையை நினைத்துப் பார்த்தேன். கடையில் நாம் வாங்கும் கோழியைத் தோலோடு சேர்த்து உரித்துவிடுகிறார்கள். இறக்கையில் தோல் எளிதில் வராது. ஆகவே நுனியை வெட்டி எறிந்து, மிஞ்சியதை எலும்போடு கொத்திப் போடுகிறார்கள். தோலில்லாத இறக்கையில் என்ன இருக்கிறது? லயத்தில் என் அன்னையார் சேவலை வெந்நீரில் முக்கி, இறகைப் பறித்து, சுள்ளித் தீயில் வாட்டி, மஞ்சள் பூசித் தேய்ப்பார். தோல் போகாது. இறக்கையின் சுவை தோலிலும் மூட்டுச் சவ்விலும் இருக்கிறது. நெஞ்சுக்கறி அதிக நேரம் வெந்தால் சக்கையாகும். இறக்கையோ, பொறுமையாக வேக வேக அந்தச் சவ்வு பாகாய் உருகிச் சதை குழையும். அதற்கு வேண்டியது பணமன்று, நேரம். பலருக்குப் பரிமாற வேண்டிய கடைக்காரருக்கு அந்த நேரம் இல்லை. அடுப்படியில் இருக்கும் நமக்கு உண்டு.

ஆகையால் கடைக்காரரிடம் முந்தின நாளே, “தோலோடு வேண்டும், கொத்த வேண்டாம்” என்று சொல்லி வையுங்கள். கிலோவுக்குப் பத்து முதல் பன்னிரண்டு இறக்கை நிற்கும். வீட்டில் நீங்களே மூட்டில் கத்தியை வைத்து மூன்றாகப் பிரியுங்கள். எலும்பை வெட்டாதீர்கள், சில்லு பிள்ளையின் தொண்டையில் போகும். மூட்டு எங்கே என்று விரலால் மடக்கிப் பார்த்தால் கத்தி தானாக இறங்கும். நுனித் துண்டுகளை எறிய வேண்டாம். மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் சளிக்கு அதைவிட நல்ல ரசம் கிடையாது.

மற்ற துண்டுகளைத் துணியால் ஈரம் போக ஒற்றி, உப்பு, மஞ்சள், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், சிறிது எலுமிச்சைச் சாறு தடவி, இரவெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் மூடாமல் வையுங்கள். அடித்தட்டில் வையுங்கள்; நீர் சொட்டினாலும் வேறு உணவில் விழாது. நம் மலையில் மழைக்காலத்து ஈரக்காற்றில் வெளியே வைத்துக் காய வைப்பது நடவாத செயல். தயிர் சேர்த்தால் தோல் நமுத்துப் போகும். அதைக் குழம்பிற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் அடிகனத்த அகன்ற சட்டியில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, அரைக் கிண்ணம் நீர் விட்டு, மூடி, சிறு தீயில் இருபது நிமிடம் வேக விடுங்கள். என் பிழைக்குப் பரிகாரம் இந்த இருபது நிமிடம்தான். முதலில் வேகட்டும், பிறகு சிவக்கட்டும். மூடியைத் திறந்து நீர் வற்ற விட்டால் தோலின் கொழுப்பு தானே கசிந்து நிற்கும். அதனோடு இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, தீயைக் கூட்டாமல், திருப்பித் திருப்பிக் கால்மணி நேரம் விடுங்கள். தேங்காய் எண்ணெய் மிகு சூட்டில் புகைந்து கசக்கும். ஆதலால் அவசரம் உதவாது. தோல் முறுகி ஒலிக்கத் தொடங்கியதும் தேங்காய்க் கொத்து, கருவேப்பிலை, பிளந்த பச்சை மிளகாய், கரகரப்பாகப் பொடித்த நம் மலை மிளகு. அவ்வளவே. எலும்பைப் பிடித்துத் திருகினால் கழன்று வர வேண்டும், வராவிட்டால் பரிமாறாதீர்கள்.

சாலைக் கடைத் தெருவில் கேத்தல் கடைக் கோழி என்று ஒன்று பெயர் பெற்றிருக்கிறதே, சிறிய இளங்கோழியைத் தேங்காய் எண்ணெயில் பொரிப்பது, அதன் மணத்தை அறிந்தவர்களுக்கு இந்த மணமும் அந்நியமாக இராது. என் சம்பந்தியம்மாள் குளத்தூப்புழையில் இருப்பவர். 1964இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அங்குள்ள இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம். அவர் மசாலையைக் கருக வறுத்துப் பொடிக்கிறார். ஒரு துண்டு ரம்பை இலையும் கருவாப் பட்டையும் போடுகிறார். என் முறையைவிட அவருடையது நன்றாக இருக்கிறது என்று என் பேரன் என் முகத்திற்கு நேரே சொன்னான். இருக்கலாம்!

தோலில் கொழுப்பு மிகுதி. இதய நோய் உள்ள பெரியவர்கள் ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்வது நலம். இங்கே முன்வரிசையில் இருக்கும் சிலர் என்னைப் பார்க்காமல் வேறெங்கோ பார்க்கிறார்கள்.

நேரம் ஆகிவிட்டதென்று தலைவர் அவர்கள் மணியை எடுக்கிறார். மண்டபத்தின் பின்புறத்து அடுப்பில் எட்டுக் கிலோ இறக்கை வெந்துகொண்டிருக்கிறது. மூடியைத் திறக்க இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது. முதல் தட்டை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு என்று எடுத்து வைத்திருக்கிறேன். அவன் தாயும் சம்மதித்துவிட்டாள். அதற்குள் நான் அங்கே போய்ச் சேர வேண்டும்.