டீசல் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்

(ஒன்றியப் பேரவைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



போன தை மாசம் நகைக்கடனைத் திருப்பி வைக்க ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். எந்த வங்கி என்பது வேண்டாம். பயிர்க்கடன் தள்ளுபடி பற்றிப் பேச்சு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தம்பி சொன்னார்: "நாங்க வரி கட்டுறோம் சார், அது உங்களுக்கு மானியமாப் போகுது." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிளஸ் டூ படித்தவன், இருபது வருசமாக மைக் பிடிக்கிறவன், வாயடைத்துப் போய் வீடு திரும்பினேன். அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். உங்களுக்கும் இப்படி யாராவது சொல்வார்கள்.

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. அது உண்மை. ஆனால் வரி என்றால் அது ஒன்றுதானா? வெள்ளைக்காரன் கிஸ்தி என்று நேராகக் கை நீட்டி வாங்கினான். இப்போது யாரும் கை நீட்டுவதில்லை. உரக்கடையிலும் டீசல் பங்கிலும் விலையோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்கள்.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. உரத்துக்கு 5 சதம், பூச்சி மருந்துக்கு 18 சதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22-ல் டிராக்டர் வரியை 12-லிருந்து 5 சதமாகக் குறைத்தார்கள். நல்லதுதான், டிராக்டர் வாங்குகிறவருக்கு. நாம் வாங்கும் ரசாயனப் பூச்சி மருந்துக்கு அன்றைக்கும் குறைக்கவில்லை. இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர், தான் கொள்முதலுக்குக் கட்டிய வரியை, விற்பனையில் வசூலித்த வரியில் கழித்துக்கொள்வார். நாம் விற்கிற நெல்லுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. அப்புறம் மருந்துக்குக் கட்டினதை எதில் கழிப்பது? அது நம் தலையிலேயே நின்றுவிடுகிறது. வரி இல்லை என்று சொல்லியே வரி வாங்குகிற வித்தை இது.

டீசலுக்கு வருவோம். உழவு வண்டி, என்ஜின், அறுப்பு மிஷின் எல்லாமே டீசல்தான். 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு லிட்டர் டீசலில் மத்திய அரசு எடுத்தது 31 ரூபாய் 80 காசு. அதைப் பிரித்துப் பாருங்கள். சாலை செஸ் 18 ரூபாய். சிறப்புக் கூடுதல் கலால் வரி 8 ரூபாய். விவசாயக் கட்டமைப்பு செஸ் 4 ரூபாய். அடிப்படைக் கலால் வரி 1 ரூபாய் 80 காசு.

எதற்கு இத்தனை பேர் வைக்கிறார்கள்? அரசியல் சட்டப்படி மத்திய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதை நிதிக்குழு சொல்கிறது. 15-வது நிதிக்குழு சொன்னது 41 சதம். ஆனால் செஸ், கூடுதல் வரி என்று பேர் வைத்துவிட்டால் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. ஆக, 31 ரூபாய் 80 காசில் பங்குக்கு வந்தது 1 ரூபாய் 80 காசு மட்டும். அதில் 41 சதம் என்றால் 74 காசு. அது தமிழ்நாட்டுக்கு மட்டுமல்ல, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து! அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில், பத்து ஏக்கருக்குப் பட்டாவை மாற்றிவிட்டு, வாய்க்கால் கரையைப் பங்கு போடக் கூப்பிட்ட கதை. 2021 நவம்பரிலும் 2022 மே மாசத்திலும் வரியைக் குறைத்தார்கள், மறுக்கவில்லை. அப்போதும் அந்த 1 ரூபாய் 80 காசு அப்படியேதான் இருந்தது.

செஸ் பணமாவது சொன்ன காரியத்துக்குப் போகிறதா? மத்திய அரசின் கணக்கை ஆராய்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் எழுதியிருக்கிறார்: 2018-19-ல் 35 வகை செஸ், தீர்வைகளில் வசூலானது 2 லட்சத்து 74 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதற்குரிய தனி நிதிகளில் போய்ச் சேர்ந்தது 1 லட்சத்து 64 ஆயிரம் கோடி. மீதி பொதுக் கணக்கிலேயே தங்கிவிட்டது.

இனி பட்ஜெட். இப்போதெல்லாம் பிப்ரவரி 1-ந் தேதி வாசிக்கிறார்கள். நமக்கு அது அறுப்பு நேரம். களத்தில் நிற்கிறவன் டி.வி. எங்கே பார்ப்பது? மறுநாள் பேப்பரில் விவசாயத்துக்கு இத்தனை கோடி என்று கொட்டை எழுத்தில் வரும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். பட்ஜெட் புத்தகத்தில் மூன்று கணக்கு உண்டு. முதலில் போடுவது மதிப்பீடு. வருசக் கடைசியில் போடுவது திருத்திய மதிப்பீடு. அப்புறம் வருவதுதான் உண்மைச் செலவு. நம் வீட்டுக் கல்யாணக் கணக்கு மாதிரி. என்ன, நமக்குக் கடைசியில் கூடும். அவர்களுக்கு விவசாயிக்கு என்று போட்டது மட்டும் குறையும். 2019-20-ல் வருசம் 6,000 ரூபாய் கொடுக்கும் கிசான் திட்டத்துக்கு 75,000 கோடி என்று அறிவித்தார்கள். கடைசியில் செலவானது 48,714 கோடி. பதிவு ஆகவில்லை, ஆதார் பொருந்தவில்லை என்று நாம் அலைந்தோமே, அந்த அலைச்சல்தான் அங்கே மிச்சமாக நிற்கிறது.

அதே 2019-ல் செப்டம்பர் 20-ந் தேதி கம்பெனி வரியை 30 சதத்திலிருந்து 22 ஆகக் குறைத்தார்கள். இதனால் வருசத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருமானம் போகும் என்று அரசே சொன்னது. கம்பெனிக்காரர் யாரும் ஆதாரை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றதாக நான் கேள்விப்படவில்லை.

அந்த வங்கித் தம்பிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2025-26 பட்ஜெட்டில் அரசே படம் போட்டுக் காட்டியது: செலவாகும் ஒரு ரூபாயில் கடனுக்கு வட்டி 20 காசு. முக்கிய மானியங்கள் எல்லாம் சேர்த்தே 6 காசு. இந்த 6 காசில் ரேஷன் அரிசியும் அடக்கம், காஸும் அடக்கம். உரம் அதில் ஒரு பங்குதான்.

பாராளுமன்றம் கேள்வி கேட்காதா என்பீர்கள். கேட்கலாம். ஒவ்வொரு இலாகாவின் செலவுக்கும் எம்.பி.க்கள் ஓட்டுப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும். ஆனால் நேரம் போதவில்லை என்றால் விவாதமே இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றுவார்கள். அதற்குக் கில்லட்டின் என்று பேர். 2023 மார்ச் 23-ல் அத்தனை இலாகா மானியக் கோரிக்கையும் மக்களவையில் கூச்சலுக்கிடையே விவாதமின்றி நிறைவேறியது. ஆளுங்கட்சிக்கு அதில் பங்கு பெரிது. எதிர்க்கட்சிக்கும் இல்லாமல் இல்லை.

மாநில அரசையும் விடுவதற்கில்லை. டீசலுக்கு அவர்களும் வாட் வரி வாங்குகிறார்கள். மீனவர்களின் விசைப்படகுக்கு விற்பனை வரி விலக்கில் டீசல் தருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது நியாயம். உழுகிறவனுக்கும் அதே மாதிரி கொடு என்பது நம் முதல் கோரிக்கை. பூச்சி மருந்து வரியை 5 சதமாக்கு என்பது இரண்டாவது. செஸ்ஸையும் மாநிலப் பங்குக் கணக்கில் சேர் என்பது மூன்றாவது.

மருந்துக்கடை பில்லில் வரி தனியாக அச்சாகி வரும். பங்க் பில்லில் வராது, மொத்த விலைதான் இருக்கும். அதனால் லிட்டர் கணக்கை நாமே எழுதி வைக்க வேண்டும். இந்தப் போகத்தில் உழவுக்கு எத்தனை லிட்டர், அறுப்புக்கு எத்தனை லிட்டர் என்று பில்லின் பின்பக்கம் குறித்து வையுங்கள். வாடகை வண்டி என்றால் ஓட்டுகிற தம்பியிடம் கேட்டு எழுதுங்கள். மாசக் கடைசியில் கிளைச் செயலாளரிடம் கொடுத்தால் போதும். ஊர்வாரியாகக் கூட்டி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவோடு கட்டாகக் கொண்டுபோய் வைக்கப் போகிறோம். அன்றைக்கு வேலை போட்டுக்கொள்ளாமல் வீட்டுக்கு ஒருவர் வந்துவிடுங்கள்.