அன்னதான இலையும் இனிப்புநீரும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜொகூரில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் அல்லன், ஆகவே மருந்து சொல்லப் போவதில்லை. சோறு, தேநீர், நடை இவற்றைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

என் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். இருட்டோடு பெரட்டுக்குப் போவார். மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளிகளைக் காண்டாவில் தூக்கி, மேடும் பள்ளமும் ஏறி இறங்கி, வெயில் உச்சிக்கு வரும்போதுதான் வீடு திரும்புவார். அம்மா தட்டு நிறையச் சோறு போடுவார். அந்தச் சோறு அந்த உழைப்புக்குச் சரியாக இருந்தது. இன்று நாம் தோட்டத்தை விட்டு ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் கூலாய்க்கும் வந்துவிட்டோம். உட்கார்ந்த வேலை, முனைக்கடைக்குப் போகவும் மோட்டார் சைக்கிள். சோற்றின் அளவு மட்டும் தோட்டத்து அளவாகவே நிற்கிறது.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியர்களுள் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. 2023 ஆய்வில் நாட்டின் கணக்கு 15.6 ஆகக் குறைந்தது. ஆனாலும் நம்மவர்கள்தான் முன்வரிசையில் இருந்தார்கள்.

"நான் சீனியே தொடுவதில்லை, எனக்கு எப்படி வந்தது?" என்று பலர் கேட்பார்கள். நாம் சாப்பிடும் சோறும் ரொட்டி சானாயும் வயிற்றுக்குள் போனபின் குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைகளுக்குள் அனுப்புகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் இன்சுலின் சொல்வதை உடல் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் வேலை செய்கிற தசை, இன்சுலின் குறைவாக இருந்தாலும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கச் சொல்வது அதனால்தான். இலையில் முதலில் காய்கறியையும் பருப்பையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தாலும் இரத்தத்தில் சீனி மெதுவாகவே ஏறும்.

தேநீருக்கு வருவோம். கெட்டிப்பாலில் ஏறக்குறையப் பாதி சீனிதான். இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் நாலு தேக்கரண்டி சீனி போட்டதற்குச் சமம். ஒரு நாளைக்கு மூன்று தே தாரிக் குடிப்பவர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். 2019 ஜூலையில் அரசாங்கம் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி போட்டது. 2025-இல் அது 90 காசாயிற்று. கடையில் ஆற்றிக் கொடுக்கும் தேநீருக்கு அந்த வரி இல்லை. நாமாகத்தான் "கூராங் மானிஸ்" என்று சொல்ல வேண்டும்.

இன்னொன்று. கிளினிக் தேதிக்கு மூன்று நாள் முன்பு மட்டும் பத்தியம் இருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். விரலில் குத்தி எடுக்கும் கணக்கு அன்றைய நிலையைத்தான் காட்டும். எச்.பி.ஏ.1சி சோதனையோ கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைச் சொல்லிவிடும். அதை ஏமாற்ற முடியாது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. இனிப்புநீரின் வாசலில் நின்ற 531 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினரை உணவில் சீனியையும் கொழுப்பையும் குறைத்து, நாளுக்கு அரை மணி நேரமாவது நடக்கச் சொன்னார்கள். மூன்றாண்டுகளில், வழக்கம்போல் இருந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. பழக்கத்தை மாற்றியவர்களில் 39 பேருக்கு. நம்மைப் போலவே சோறு சாப்பிடுகிறவர்கள்தாம் அவர்கள்.

என் அண்ணன் மாற்றவில்லை. ஒரு தைப்பூசத்தில் வெறுங்காலோடு காவடி எடுத்தார். தார்ச்சாலைச் சூட்டில் பாதம் வெந்தது அவருக்குத் தெரியவே இல்லை. பல ஆண்டுச் சீனி, கால் நரம்புகளின் உணர்ச்சியைக் கெடுத்திருந்தது. மறுநாள் அண்ணிதான் கொப்புளத்தைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். டிரெசராகிய நான் அதே வீட்டில் இருந்தும் அவருடைய பாதத்தை ஒரு நாளும் திருப்பிப் பார்க்கவில்லை. ஆகவே, நேர்த்திக்கடன் செலுத்துவோர் முன்கூட்டியே டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்க வேண்டாம். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் உடனே சீனித் தண்ணீர் குடியுங்கள். விரதம் கலைந்தால் கலையட்டும்.

கடைசியாக உபயதாரர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாயசத்தை நிறுத்தச் சொல்லவில்லை. சிறு கிண்ணத்தில் போதும். சிராப் தண்ணீரோடு வெறும் தண்ணீரும் மோரும் வையுங்கள். இலையில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ கடலையோ இருக்கட்டும். நம் சுகாதார அமைச்சு சொல்லும் "சூக்கு சூக்கு செபாரோ" கணக்கும் இதுதான். பரிமாறும் தம்பிமார்களே, "போதும்" என்று கை காட்டுகிறவருக்கு இன்னொரு கரண்டி போடாதீர்கள்.